லொரெட்டா லின்: குடும்பப் பெண்ணின் பக்கத்திலிருந்து எழுதியவர்

1980-இல் வெளிவந்த ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டவை இரண்டு கேள்விகள். லொரெட்டா லின்னின் வாழ்க்கை உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா? சுரங்கத் தொழிலாளியின் மகள் பெரிய பாடகி ஆனாள் என்பதைத் தாண்டி, அமெரிக்கக் கன்ட்ரி இசையில் அவருக்கு என்ன இடம்? முதல் கேள்விக்கு, பெரும்பாலும் ஆம் என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. படம் பாடகியைக் காட்டிய அளவுக்குப் பாடல் எழுதியவரைக் காட்டவில்லை. அவருடைய முக்கியத்துவம் எழுத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

லொரெட்டா வெப் 1932 ஏப்ரல் 14 அன்று கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில், வான் லியர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரை அடுத்த புட்சர் ஹாலோ என்ற மலையிடுக்குக் குடியிருப்பில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். கடைசித் தங்கை பிரெண்டா பிற்காலத்தில் கிரிஸ்டல் கேய்ல் என்ற பெயரில் தானும் பெரிய பாடகியானார். வீட்டின் பலகைச் சுவர்களில் காற்று புகாமலிருக்கப் பழைய செய்தித்தாள்களையும் பத்திரிகைப் பக்கங்களையும் ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுவரில் படமாக ஒட்டியிருந்த ஹாலிவுட் நடிகை லொரெட்டா யங்கின் பெயரைத்தான் தாய் கிளாரா தன் மகளுக்கு வைத்தார். தந்தை டெட் வெப் சுரங்கத்தில் கரி அள்ளியவர். சுரங்க வேலை போன பின் குடும்பத்தோடு இந்தியானா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து 1959-இல் இறந்துபோனார். மகளின் முதல் இசைத்தட்டு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. மகள் மேடையேறிப் புகழ் பெற்றதைத் தந்தை பார்க்கவே இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், அவரைப் பற்றிப் பின்னாளில் அவள் எழுதிய பாட்டு வேறு விதமாக ஒலிக்கும்.

1948 ஜனவரியில், முன்னாள் ராணுவ வீரரான ஆலிவர் லின் என்பவரை மணந்தார். ஊரில் அவருக்கு டூலிட்டில் என்று பெயர், வீட்டில் ‘டூ’. அவருக்கு வயது 21. படத்திலும், அதற்கு மூலமான 1976-ஆம் ஆண்டுத் தன்வரலாற்றிலும் மணமகளுக்கு 13 வயது என்று வருகிறது. 2012-இல் வெளியான பிறப்புப் பதிவு ஆவணங்களின்படி மணமானபோது லொரெட்டாவுக்கு 15 வயது. உண்மையிலிருந்து படம் விலகும் இடங்களில் பெரியது இதுதான். இரண்டு வயது கூடினாலும் அவர் சிறுமிதான் என்பது மாறிவிடவில்லை. மணமான அதே ஆண்டு இருவரும் கென்டக்கியை விட்டு நாட்டின் மறுகோடியில், கனடா எல்லையருகே வாஷிங்டன் மாநிலத்துக் கஸ்டர் என்ற சிற்றூருக்குப் போனார்கள். கணவர் மரம் வெட்டும் வேலைக்குச் சென்றார். மனைவி பண்ணை வீட்டில் சமைத்தார், துணி துவைத்தார், ஸ்ட்ராபெரி பறித்தார். இருபது வயதைத் தாண்டுவதற்குள் நான்கு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டார். 1964-இல் இரட்டைப் பெண் குழந்தைகளும் பிறக்க, பிள்ளைகள் ஆறாயினர்.

வீட்டில் பாடிக்கொண்டிருந்தவரின் குரலில் விஷயம் இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டது கணவர்தான். 1953-இல் சியர்ஸ் கடையில் 17 டாலருக்கு ஒரு ஹார்மனி கிட்டாரை வாங்கிவந்து கையில் கொடுத்தார். லொரெட்டா தானே வாசிக்கப் பழகினார். அக்கம்பக்கத்துக் கூடங்களில் மனைவியைப் பாட வைக்க இடம் கேட்டு அலைந்ததும் கணவர்தான். இந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் இல்லையென்றால் தான் பாடகியாகியிருக்க மாட்டேன் என்று லொரெட்டா கடைசி வரை சொன்னார். அவர் குடித்தார், வேறு பெண்களோடு சுற்றினார், சண்டையில் கை நீட்டினார், தானும் திருப்பி அடித்தேன் என்பதையும் லொரெட்டா மறைக்கவில்லை. ஏறத்தாழ 48 ஆண்டுகள், 1996-இல் கணவர் இறக்கும் வரை, அந்த மணவாழ்க்கை நீடித்தது. பாடல்களுக்கு வழி திறந்துவிட்டவரும் அவர்தான், பாடல்களில் வசை வாங்கியவரும் அவர்தான்.

லொரெட்டா எழுத வந்தபோது கன்ட்ரி இசையில் பெண் குரல் இருந்தது. ஆனால் அந்தக் குரலுக்கான சொற்களைப் பெரும்பாலும் ஆண்களே எழுதினார்கள். 1952-இல் கிட்டி வெல்ஸ் பாடிய ஒரு பாட்டு, பெண்கள் தடம் மாறுவதற்கு ஆண்களே காரணம் என்று துணிந்து சொன்னது. பில்போர்ட் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடிய ஒரு பெண் முதலிடம் பிடித்தது அப்போதுதான் முதல் முறை. அந்தப் பாட்டையும் எழுதியவர் ஜே. டி. மில்லர் என்ற ஆண். லொரெட்டா அந்தப் பாடல்களை வாஷிங்டன் மாநிலத்தில் அடுப்படியில் நின்றபடி வானொலியில் கேட்டவர். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. பாட்டெழுதும் முறையைச் சொல்லித்தர யாரும் இல்லாததால், பாட்டுப் புத்தகங்களில் அச்சான வரிகளைப் பார்த்து எதுகை எங்கே விழுகிறது, கதை எங்கே திரும்புகிறது என்று தானே படித்துக்கொண்டார்.

டகோமா நகரத் தொலைக்காட்சியில் பக் ஓவன்ஸ் நடத்திய நிகழ்ச்சியில் அவர் பாடியதைக் கண்ட கனடா நாட்டு மரவணிகர் நார்ம் பர்லி, ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் வழியே முதல் இசைத்தட்டுக்குப் பணம் கொடுத்தார். 1960 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் பதிவான ‘ஐ’ம் அ ஹாங்கி டாங்க் கேர்ள்’ அவரே எழுதிய பாட்டு. கணவன் கைவிட்ட பெண் ஒருத்தி மதுக்கூடத்தில் உட்கார்ந்து அழும் நிலையைப் பாடுவது. தட்டை விற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் கணவனும் மனைவியும் காரில் ஊர் ஊராகப் போய், வானொலி நிலையங்களின் கதவைத் தட்டி, அறிவிப்பாளர்களிடம் நேரில் கொடுத்துப் போடச் சொன்னார்கள். இரவுகளைக் காரிலேயே கழித்தார்கள். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாத அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது. 1960 அக்டோபரில் நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடையில் முதல் முறை பாடினார். 1962-இல் அதன் உறுப்பினரானார். புட்சர் ஹாலோவில் சனிக்கிழமை இரவுகளில் பேட்டரி வானொலியில் குடும்பமே கூடிக் கேட்ட நிகழ்ச்சி அது.

நாஷ்வில்லில் அவருக்குக் கிடைத்த பெரிய துணை பாடகி பாட்ஸி கிளைன். 1961-இல் கார் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த பாட்ஸி, தன் பாடல் ஒன்றைப் புதிதாக வந்த பெண் ஒருத்தி வானொலியில் தனக்குக் காணிக்கையாகப் பாடுவதைக் கேட்டு, அவளை அழைத்து வரச் சொன்னார். அன்றுமுதல் உடை, ஒப்பனை, மேடையில் நிற்கும் விதம், பேசிய பணத்தைக் கேட்டு வாங்கும் திடம் வரை எல்லாவற்றையும் அக்காள் போலிருந்து சொல்லிக்கொடுத்தார். 1963 மார்ச் 5 அன்று டென்னசியில் நடந்த விமான விபத்தில் பாட்ஸி இறந்தார். அடுத்த ஆண்டு பிறந்த இரட்டையரில் ஒருத்திக்கு லொரெட்டா வைத்த பெயர் பாட்ஸி.

பாட்ஸியின் தட்டுகளைத் தயாரித்த டெக்கா நிறுவனத்தின் ஓவன் பிராட்லியே லொரெட்டாவையும் ஏற்றுக்கொண்டார். பாட்ஸியின் குரலுக்கு வயலின் கூட்டிசையும் பின்னணிக் கோரஸும் சேர்த்து நகரத்து மெருகு ஏற்றிய அதே பிராட்லி, லொரெட்டாவுக்கு அப்படிச் செய்யாமல் ஸ்டீல் கிட்டாரையும் மலைநாட்டு உச்சரிப்பையும் அப்படியே விட்டுவைத்தார். அந்த முடிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கென்டக்கிப் பேச்சின் இழுவை போயிருந்தால் அந்தப் பாடல்களின் வாதமே வலுவிழந்திருக்கும். பேசுகிறவள் யார் என்பது அந்த இழுவையில்தான் இருக்கிறது.

1966 முதல் 1973 வரையிலான ஏழெட்டு ஆண்டுகள்தான் அவருடைய எழுத்தின் உச்சம். நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒரு ரசிகை மேடைக்குப் பின்னால் வந்து, தன் கணவன் வேறொரு பெண்ணோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான் என்று அழுதாள். லொரெட்டா திரைச்சீலை வழியே எட்டிப்பார்த்துவிட்டு, உன் புருஷனைத் தட்டிப்பறிக்கும் அளவுக்கு அவள் பெண்ணே இல்லை என்று பதில் சொன்னார். சொன்ன வாயோடு உடைமாற்றும் அறைக்குப் போய் அதையே பாட்டாக எழுதினார். ‘யூ எய்ன்ட் வுமன் இனஃப்’ என்ற அந்தப் பாட்டு 1966-இல் இரண்டாம் இடம் வரை சென்றது. அதே ஆண்டு, வியட்நாம் போருக்குக் கணவனை அனுப்பிவிட்டு அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதும் மனைவியின் குரலில் ‘டியர் அங்கிள் சாம்’ வந்தது. குடித்துவிட்டு வந்து ஆசையோடு நெருங்காதே என்று கணவனிடம் கறாராகச் சொல்லும், தங்கை பெகி சூவோடு சேர்ந்து எழுதிய பாட்டுதான் 1967-இல் அவருக்கு முதன்முதலாக முதலிடம் பெற்றுத் தந்தது. 1968-இன் ‘ஃபிஸ்ட் சிட்டி’ தன் கணவரைச் சுற்றிவந்த ஒருத்திக்கு நேரடி எச்சரிக்கை. மணமுறிவு பெற்ற பெண்ணை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதை ‘ரேட்டட் எக்ஸ்’ எடுத்துப் பேசியது.

இவற்றைப் பெண்ணுரிமைப் பாடல்கள் என்று பலர் எழுதுகிறார்கள். லொரெட்டா அந்த அடையாளத்தை விரும்பி அணிந்துகொள்ளவில்லை. அரசியலில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களுக்கு ஆதரவு தந்தவர். ஆகவே அந்த அடையாளத்தை நாம் அவர்மேல் ஒட்டவும் வேண்டாம், அதற்காகப் பாடல்களின் கூர்மையைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். கொள்கையிலிருந்து அவர் தொடங்கவில்லை. நேற்று ராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்கினார். கேட்ட பெண்கள் தங்கள் வீட்டை அதில் கண்டார்கள். இந்தப் பாடல்களில் குற்றவாளி பெரும்பாலும் கணவன்தான் என்றாலும், அடி விழுவது சில சமயம் மற்றப் பெண்ணின்மேல் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘ஃபிஸ்ட் சிட்டி’யை இன்று கேட்கும்போது எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் அது அந்த வாழ்க்கையின் உண்மையும்கூட.

அவருடைய எழுத்துத் திறனை அருகில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் 1969 அக்டோபரில் பதிவாகி 1970-இல் வெளிவந்த ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ பாட்டைத்தான் எடுக்க வேண்டும். பல்லவி என்று திரும்பத் திரும்ப வரும் பகுதி அதில் இல்லை. சரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதையை நடத்திச் செல்கின்றன. ஏழ்மை என்று பொதுவாகப் புலம்பும் வரி எதுவும் கிடையாது. வான் லியர் சுரங்கத்தில் கரி அள்ளும் அப்பா, மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் பைபிள் படிக்கும் அம்மா, துணி துவைக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசியும் அவள் விரல்கள், கோடையில் வெறுங்காலாகத் திரிந்த பிள்ளைகளுக்குக் குளிர்காலம் வரும்போது தபால் விற்பனைப் பட்டியலைப் பார்த்து வரவழைக்கப்படும் காலணிகள், அதற்குப் பணம் ஒரு பன்றியை விற்று வந்தது என்ற கணக்கு. காலணிக்கு எங்கிருந்து பணம் வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டாலும் பாட்டு நின்றிருக்கும். அந்த ஒரு விவரம் சேரும்போது ஒரு குடும்பத்தின் ஆண்டு வரவுசெலவே கேட்கிறவர் கண்முன் வந்துவிடுகிறது. எழுதியபோது பாட்டு இன்னும் நீளமாக இருந்தது. இசைத்தட்டுக்கு ஒத்துவராது என்று பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். மனமில்லாமல் வெட்டிய லொரெட்டா, அந்த வரிகள் பிறகு தனக்கே நினைவில் இல்லை என்று வருந்தினார். 1970 டிசம்பரில் முதலிடம் பெற்ற அந்தப் பாட்டை, பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பின்னர் சேர்த்தது.

எல்லாவற்றையும் அவரே எழுதினார் என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகளுக்கு நடுவே மூச்சுத் திணறும் இல்லத்தரசியைப் பாடும் ‘ஒன்’ஸ் ஆன் த வே’ ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதியது. பெரும் சர்ச்சையைக் கிளப்பிய ‘த பில்’ பாட்டும் வேறு மூவர் எழுதியதே. ஆண்டுதோறும் கர்ப்பமாகிச் சலித்த மனைவி, கருத்தடை மாத்திரை கையில் கிடைத்த பின் கணவனிடம் இனிக் கணக்கு வேறு என்று சொல்லும் அந்தப் பாட்டு 1972-இல் பதிவாகியும் நிறுவனம் தயங்கியதால் 1975-இல்தான் வந்தது. ஏராளமான வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஆனாலும் கன்ட்ரி பட்டியலில் 5-ஆம் இடத்துக்கு ஏறியது. பாப் பட்டியலிலும் 70-ஆம் இடம் வரை நுழைந்தது. தாங்கள் எடுத்துச் சொன்னதைவிட இந்தப் பாட்டுதான் கிராமப்புறப் பெண்களிடம் செய்தியைக் கொண்டுசேர்த்தது என்று மருத்துவர்கள் தம்மிடம் சொன்னதாக லொரெட்டா பேட்டியில் குறிப்பிட்டார். வரி அவருடையது இல்லை என்றாலும், ஆறு பிள்ளை பெற்ற வாய் அதைப் பாடியதால்தான் அதற்கு அந்த நம்பகம் வந்தது.

1975-க்குப் பிறகு அவர் எழுதிய பாடல்கள் ஏன் அருகிப்போயின என்பதற்கான காரணத்தைப் படம் தொடவே இல்லை. நாஷ்வில்லுக்கு வந்த புதிதில் அவருக்கு வழிகாட்டிய வில்பர்ன் சகோதரர்களின் பதிப்பு நிறுவனமான ஷ்யூர்-ஃபயர் மியூசிக்கோடு அவர் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். உறவு முறிந்த பிறகும், அவர் எழுதும் பாட்டின் பதிப்புரிமை அவர்களுக்கே போகும் நிலை. பிறர் பெட்டியை நிரப்ப எழுதுவதில்லை என்று பேனாவைக் கீழே வைத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டும் பழைய பாடல்களின் பதிப்புரிமை அவருக்குத் திரும்பவில்லை. தந்தையைப் பற்றி எழுதிய பாட்டின் உரிமையும் அதில் அடக்கம். கன்ட்ரி இசைக்கு அந்தக் காலகட்டத்தில் நேர்ந்த பெரிய இழப்புகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். பாடகியின் புகழ் மேலே போய்க்கொண்டிருந்ததால், எழுத்தாளரின் மௌனம் யாருக்கும் உறைக்கவில்லை.

புகழுக்குக் குறைவில்லை. 1972-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கொடுத்தது, பெற்றவர் லொரெட்டா. கணவர் வேட்டைக்குப் போய்விட்டதால் மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள அருகில் இல்லையே என்று மேடையிலேயே குறைப்பட்டுக்கொண்டார். பாடகர் கான்வே ட்விட்டியோடு சேர்ந்து பாடிய ஜோடிப் பாடல்கள் 1971 முதல் 1975 வரை தொடர்ந்து ஐந்து முறை முதலிடம் பெற்றன. முதல் பாட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது. பின்னர் வந்த படத்தில் அவராக நடிக்க சிஸ்ஸி ஸ்பேசெக்கைத் தேர்ந்தெடுத்தவர் லொரெட்டாதான். ஸ்பேசெக் பாடல்களையும் தானே பாடி, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வென்றார்.

படத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் இழப்புகள் நிறைந்தவை. 1984-இல் மகன் ஜாக் பென்னி, டென்னசியில் ஹரிக்கேன் மில்ஸ் என்ற ஊரில் இருந்த குடும்பப் பண்ணையின் ஆற்றில் மூழ்கி இறந்தார். 1993-இல் கணவரின் இதயச் சிகிச்சைக்காக மிசௌரி மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் காத்திருந்தபோது, அதே மருத்துவமனைக்கு உயிருக்குப் போராடும் நிலையில் கொண்டுவரப்பட்டவர் கான்வே ட்விட்டி, அவர் பிழைக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் கணவரும் போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் எழுத்து திரும்பியது. டெட்ராய்ட் நகர ராக் கலைஞரான ஜாக் ஒயிட், தம் குழுவின் 2001-ஆம் ஆண்டு ஆல்பத்தை லொரெட்டாவுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். அந்த அறிமுகம் வளர்ந்து, அவரது தயாரிப்பில் 2004-இல் ‘வான் லியர் ரோஸ்’ வெளிவந்தது. லொரெட்டாவுக்கு அப்போது வயது 72. பாடல்கள் அனைத்தும் அவர் எழுதியவை அல்லது அவர் பங்கில் எழுதப்பட்டவை. கிட்டார்களின் முரட்டு ஒலிக்கு நடுவே குரல் தளராமல் நிற்கிறது. பொருளோ மறுபடியும் அதே சுரங்க ஊர், அதே அம்மா, அதே கணவர். அவ்வளவு காலம் எழுதாமல் இருந்தவர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டதைப் போல இருக்கிறது. சிறந்த கன்ட்ரி ஆல்பம் உள்பட இரண்டு கிராமி விருதுகளை அது பெற்றது.

2013-இல் அதிபர் ஒபாமா அவருக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கினார். 2017-இல் பக்கவாதம் தாக்கியதோடு மேடைப் பயணங்கள் நின்றன. ஆயினும் 2021-இல் தம் ஐம்பதாவது ஆல்பத்தை வெளியிட்டார். 2022 அக்டோபர் 4 அன்று, தம் 90-ஆம் வயதில், ஹரிக்கேன் மில்ஸ் வீட்டில் உறக்கத்திலேயே காலமானார்.

கேட்கத் தொடங்குவதானால் வெற்றிப்பாடல் தொகுப்பு எதையும் முதலில் எடுக்காதீர்கள். தாமே எழுதிய பாடல்களை மட்டும் திரட்டி 1970-இல் வெளியிட்ட ‘லொரெட்டா லின் ரைட்ஸ் எம் அண்ட் சிங்ஸ் எம்’ ஆல்பத்தை முதலில் கேளுங்கள். அடுத்து ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ பாட்டை, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. பிறகு நேராக ‘வான் லியர் ரோஸ்’. கான்வே ட்விட்டியோடு பாடியவை இனிமையானவை. அவற்றுக்கு அப்புறம் வரலாம்.